கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்

சென்ற இதழில், மருத்துவமனையில் நோயாளிகள் விழுவதைப் பற்றி ஒரே ஒரு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை முழு இடமும்.

● ஓய்வுபெற்ற தபால்காரர், மானாமதுரை: மூச்சிரைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சர்க்கரையும் உண்டு, மற்றபடி காலில் நல்ல தெம்பு. டிரிப்ஸ் போட்ட கையிலேயே சிஸ்டர் ஒரு மஞ்சள் பட்டையும் கட்டி, "நீங்க விழுற ஆபத்து உள்ளவர்" என்று சொல்லிவிட்டார். என்ன கணக்கு இது?

ஆறு கேள்விக் கணக்கு, ஐயா. ஜேனிஸ் மோர்ஸ் என்ற செவிலியப் பேராசிரியர் 1980களில் உருவாக்கியது. இன்று நம்மூர் மருத்துவமனைகள் பலவற்றின் கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது. கடந்த மூன்று மாதத்துக்குள் விழுந்திருந்தால் 25. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15. கைத்தடியோ வாக்கரோ வைத்து நடந்தால் 15. சுவர், மேசை, கட்டில் என்று பிடித்துப் பிடித்து நடந்தால் 30. டிரிப்ஸ் ஏறினாலோ, மருந்து போட வென்ஃப்ளான் ஊசி கையில் இருந்தாலோ 20. நடை தளர்ந்திருந்தால் 10, தடுமாறினால் 20. தன் தெம்பைத் தானே கூடுதலாக மதிப்பிட்டால் 15. எல்லாம் சேர்ந்தால் 125. பல மருத்துவமனைகளில் 45 வந்தாலே பட்டை கட்டிவிடுவார்கள்.

உங்களுக்கு இரண்டு நோய், 15. டிரிப்ஸ், 20. மூச்சு வாங்க வாங்க நடக்கிற நடைக்கு 10. கூட்டிப் பாருங்கள், சரியாக 45. உங்கள் காலை யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் காலைச் சுற்றி என்னென்ன சேர்ந்துவிட்டது என்பதைத்தான் சிஸ்டர் எண்ணிப் பார்த்தார்.

● மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி: கைத்தடி வைத்திருந்த பக்கத்துக் கட்டில்காரருக்கு 15 மார்க். தடியே இல்லாமல் சுவரைப் பிடித்து நடந்த எனக்கு 30. இது நியாயமா?

நியாயம்தான். தடி உங்களோடு வரும், சுவர் வராது. சுவர் முடிகிற இடத்தில் கதவு இருக்கும், பிடித்தால் அது திறந்துகொள்ளும். அடுத்தது சாப்பாட்டு மேசை, அதற்குக் கீழே சக்கரம். அதற்கும் அடுத்தது டிரிப்ஸ் ஸ்டாண்ட், அதற்கும் சக்கரம். சுவரைத் தேடுகிற கைக்கு ஊன்றுகோல் தேவை என்று அர்த்தம். வாங்கும்போது பிசியோதெரபிஸ்ட்டிடம் உயரம் பார்த்து வாங்குங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி உங்கள் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். தாத்தா வைத்திருந்த தடி பேரனுக்குப் பொருந்தாது.

● ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, கும்பகோணம்: தேதி, கிழமை, முதலமைச்சர் பெயர் எல்லாம் பிசகாமல் சொன்னேன். ஆனாலும் மனநிலை என்ற இடத்தில் எனக்கு 15 போட்டிருந்தார்கள். என் புத்திக்கு என்ன குறை?

ஒரு குறையும் இல்லை, டீச்சர். அந்தக் கேள்வி கிழமையைப் பற்றியதே அல்ல. "பாத்ரூமுக்குத் தனியாப் போவீங்களா, ஆள் வேணுமா?" என்று சிஸ்டர் பேச்சுவாக்கில் கேட்டிருப்பார். நீங்கள் "தனியாவே போவேன்" என்றிருப்பீர்கள். கேஸ் ஷீட்டில் டாக்டர் "துணையோடு மட்டும்" என்று எழுதியிருப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்குத்தான் 15.

நேற்று வரை வீட்டில் அத்தனை வேலையும் பார்த்தவருக்கு, இன்று பத்தடி நடக்க ஆள் வேண்டும் என்பது மனதில் பதிய நாளாகும். அதனால் தெளிவான புத்தியுள்ளவர்களும் விழுகிறார்கள். மோர்ஸ் அளவுகோலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நோயாளியைப் பேசவிட்டுக் கேட்டால் ஒழிய இதற்கு விடை எழுத முடியாது.

● கல்லூரி மாணவர், நாமக்கல்: டிரிப்ஸ் ஏறுவதற்கும் விழுவதற்கும் என்ன சம்பந்தம்?

கையில் குழாய், குழாயின் மறுமுனையில் உருளும் ஸ்டாண்ட். எழுந்து போனால் அதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறுகிற தண்ணீரில் பெரும்பகுதி சிறுநீராக இறங்கும், அதனால் அடிக்கடி எழவும் வேண்டும். டிரிப்ஸ் போடுகிற அளவுக்கு உடம்பு முடியவில்லை என்பது மூன்றாவது.

● பயிற்சி மருத்துவர், மதுரை: இந்த மார்க்கை எந்த அளவுக்கு நம்பலாம்?

பாதி நம்புங்கள், டாக்டர். வயதானவர்கள் நிறைந்த வார்டில் எல்லோருமே 45ஐத் தாண்டுவார்கள். எல்லோர் கையிலும் மஞ்சள் பட்டை இருந்தால் பட்டைக்கு என்ன மதிப்பு? இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2013லேயே தன் வழிகாட்டுதலில், யார் விழுவார் என்று மார்க் போட்டுக் கணிக்கும் கருவிகளை உள்நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 65 வயதை எட்டி வார்டில் படுத்திருக்கும் எல்லோருக்கும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன என்று தேடுங்கள், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யுங்கள் என்பது அவர்கள் வழி.

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 70 மார்க் என்று எழுதி வைப்பதால் யாரும் விழாமல் இருக்கப்போவதில்லை. அந்த 70 எதனால் வந்தது என்று பார்த்து, தலைசுற்றலுக்கு பி.பி. மாத்திரை காரணமா என்று டாக்டரிடம் கேட்பதும், தளர்ந்த நடைக்கு பிசியோதெரபிஸ்ட்டை அழைப்பதும், இரவில் இரண்டு முறை எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிப் போவதும்தான் விழாமல் காக்கும். படிவத்தை நிரப்புவது அந்த வேலையின் தொடக்கம். பல இடங்களில் அங்கேயே முடிந்துவிடுவதுதான் என் வருத்தம்.

● இல்லத்தரசி, சாத்தூர்: பெரும்பாலும் எங்கே, எப்போது விழுகிறார்கள்?

கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில், யாரும் பார்க்காத நேரத்தில்.

ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் ஆறு மணிக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை. ஒன்பது மணிக்குத் தூக்க மாத்திரை. பத்து மணிக்கு விளக்கை அணைத்தாயிற்று. இரண்டு மணிக்கு அவருக்கு முட்டிக்கொண்டு வருகிறது. துணைக்கு வந்த மனைவி கீழே பாய் விரித்து அசந்து தூங்குகிறார். "பாவம், பகலெல்லாம் அலைஞ்சா" என்று எழுப்ப மனம் வரவில்லை. சிஸ்டரைக் கூப்பிட வெட்கம். தானே எழுகிறார். மாத்திரையின் மயக்கம் தெளியவில்லை. சட்டென்று நின்றதில் ரத்த அழுத்தம் இறங்குகிறது. இருட்டில் பாயின் ஓரம் காலில் தட்டுகிறது. அதைத் தாண்டிவிட்டாலும் கழிவறைத் தரை ஈரம். அதையும் தாண்டிவிட்டால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுகிற அந்த நொடியில் மறுபடியும் தலை சுற்றுகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை.

இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு செவிலியர் குறுக்கே நிற்க முடியும். நீர் மாத்திரையைக் காலையிலேயே கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். விளக்கணைக்கும் முன் எல்லோரையும் ஒருமுறை போய்வரச் சொல்லலாம். கட்டிலருகே யூரின் கேன் வைக்கலாம். நடைவழியில் சின்ன விளக்கு ஒன்றை எரியவிடலாம். பாயைக் கட்டிலின் மறுபக்கம் விரிக்கச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கூப்பிடும் முன்பே போய்க் கேட்கலாம்.

கேட்கிற விதமும் முக்கியம். "ஏதாச்சும் வேணுமா ஐயா?" என்றால் நம்மூர்ப் பெரியவர்கள் "ஒண்ணும் வேணாம்மா, நீ போய் வேலையைப் பாரு" என்றுதான் சொல்வார்கள். "வாங்க ஐயா, பாத்ரூம் போயிட்டு வந்துடலாம்" என்றால் எழுந்துவிடுவார்கள். அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளில் மணிக்கொரு முறை செவிலியர் கட்டில் கட்டிலாகச் சென்று வலி, கழிவறை, படுக்கை நிலை, கைக்கெட்டும் பொருள்கள் என்று கேட்டுவந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. விழுவது குறைந்தது. நோயாளிகள் மணி அடிப்பதும் குறைந்தது.

● விவசாயி, மன்னார்குடி: பெண் பிள்ளைகளாக இருக்கிற சிஸ்டர்களிடம் போய் ஒண்ணுக்கு வருது என்று எப்படிச் சொல்வது?

ஐயா, உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது நாடி பார்ப்பது போன்ற வேலை. வார்டில் ஆண் செவிலியரோ ஆண் உதவியாளரோ இருந்தால் அவரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை. ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்: "நான் எழணும்னா விரலைக் காட்டுவேன், வந்துடும்மா." இப்படி முன்கூட்டி ஒரு சைகை பேசி வைத்துக்கொண்ட நோயாளிகளை எனக்குத் தெரியும்.

சிஸ்டர்களுக்கும் ஒன்று: பெரியவர் கூப்பிடும்போது திரையை இழுத்து மூடிவிட்டு, சத்தம் போடாமல் உதவுங்கள். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி "தாத்தாவுக்கு பெட்பான் கொண்டாங்க" என்று ஒருமுறை கத்திவிட்டால், அவர் அடுத்த முறை உங்களைக் கூப்பிடவே மாட்டார்.

● தனியார் மருத்துவமனைச் செவிலியர், ஈரோடு: நைட் டியூட்டியில் நான் ஒருத்தி, முப்பது நோயாளிகள். மணிக்கொரு முறை கட்டில் கட்டிலாகப் போகச் சொல்வது எளிது. செய்ய முடியுமா?

முடியாது, தங்கச்சி. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. முப்பதுக்கு ஒருவர் என்று வைத்துவிட்டு, நோயாளி விழுந்ததும் அந்த ஒருவரிடம் விளக்கக் கடிதம் கேட்பது அநியாயம். நிர்வாகம் இந்தப் பத்தியைப் படித்தால், முதலில் ஆளைப் போடட்டும்.

ஆள் வருகிறவரை, முப்பது பேரையும் ஒரே மாதிரி காக்க நினைக்காதீர்கள். டியூட்டி மாறும்போது கேளுங்கள்: இன்று யார் மயக்கத்திலிருந்து வந்தார், யாருக்கு நீர் மாத்திரை, யார் நேற்று ராத்திரி தானாக எழுந்தார், யாருக்குக் குழப்பம். நாலைந்து பெயர்கள் தேறும். அவர்களை உங்கள் மேசையிலிருந்து பார்வை படுகிற கட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த நாலைந்து பேரிடம் மட்டும் இரவில் தவறாமல் போங்கள். மருந்து கொடுக்க, பி.பி. பார்க்க என்று எப்படியும் போகிறீர்களே, அந்த நடையிலேயே பாத்ரூம் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.

● ஆட்டோ ஓட்டுநர், வேலூர்: கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றிவிட்டால் தீர்ந்ததுதானே?

தீராது. புத்தி தெளிவாக உள்ளவருக்கு அது கைப்பிடி. குழம்பிய நிலையில் இருப்பவருக்கு அது தாண்ட வேண்டிய சுவர். தாண்டும்போது கட்டில் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்து விழுவார். கம்பிகளின் இடுக்கில் தலையோ உடம்போ சிக்கி உயிர் போன சம்பவங்களும் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கம்பியை ஏற்றுவதைவிடக் கட்டிலை இறக்குவது நல்லது. அடியில் சுழற்றும் கைப்பிடி இருக்கிறதே, அதைச் சுற்றிக் கட்டிலை மிகத் தாழ்வாக வைத்து, சக்கரங்களைப் பூட்டி, ஒரு பக்கக் கம்பியை இறக்கி வைத்தால் இறங்க வழி இருக்கும்.

● ஒரு மகன், தாம்பரம்: அம்மா ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து நடக்கிறார். கையைத் துணியால் கட்டிப் போடலாமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிடவா?

வேண்டாம், தம்பி. கட்டிப் போட்டால் விழுவது குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குழப்பம் கூடும், படுக்கைப் புண் வரும், முறுக்கிக்கொண்டு கட்டோடு சேர்ந்து விழுவார்.

வீட்டில் நன்றாக இருந்த அம்மா இங்கே வந்து இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் உப்புக் குறைவு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தூக்கமின்மை. டாக்டரிடம் "அம்மா இப்படி இல்லை, திடீரென்று மாறிவிட்டார்" என்ற இந்த வாக்கியத்தை அழுத்திச் சொல்லுங்கள். அம்மாவைப் புதிதாகப் பார்க்கும் அவர்களுக்கு அவருடைய பழைய நிலை தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். தொலைந்துவிடும் என்று வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வருபவர்கள் அதிகம். கண்ணும் காதும் இல்லாமல் புதிய இடத்தில் விட்டால் யாருக்கும் குழம்பும். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ராத்திரி தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அந்த முகம் உங்களுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

● மென்பொருள் பொறியாளர், சென்னை: நோயாளி எழுந்தாலே அலறும் கட்டில் அலாரம் வந்துவிட்டதே. அதை எல்லாக் கட்டிலிலும் மாட்டிவிட்டால் என்ன?

மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் 16 வார்டுகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அலாரம் பயன்பாடு கூடியது, விழுகிறவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அலறல் கேட்டு ஆள் ஓடி வருவதற்குள் நோயாளி தரையில் இருப்பார். ஆஸ்திரேலியாவில் அலாரம், தாழ்வான கட்டில், எச்சரிக்கை அட்டை, கழிவறை நேரம் எல்லாவற்றையும் சேர்த்து 24 வார்டுகளில் சோதித்தார்கள். 2016இல் வந்த முடிவும் அதேதான், விழுவது குறையவில்லை.

குறைந்த இடங்களும் உண்டு. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் மருத்துவமனைகளில் 14 பிரிவுகளில் பெட்ரிஷியா டைக்ஸ் என்ற செவிலிய ஆராய்ச்சியாளரின் குழு ஓர் எளிய அட்டையைக் கொண்டு வந்தது. ஒரு பக்கம் இந்த நோயாளி ஏன் விழக்கூடும் என்ற படங்கள், மறுபக்கம் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற படங்கள். செவிலியர், நோயாளி, குடும்பத்தார் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து அதை நிரப்பிக் கட்டிலருகே மாட்டுவார்கள். 2020இல் வெளியான முடிவில் விழுவது 15 சதவீதமும், விழுந்து அடிபடுவது 34 சதவீதமும் குறைந்திருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வு வார்டுகளில் நோயாளிகளோடு தனித்தனியே உட்கார்ந்து பேசிப் புரியவைத்ததில், 2015 ஆய்வின்படி, விழுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது.

இவை இரண்டிலும் நோயாளிக்கே காரணத்தைச் சொல்லி, அவரையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். நம் வார்டுகளில் கட்டிலுக்கொரு உறவினர் கூடவே இருக்கிறார். அந்த அட்டையின் முன் உட்கார வைக்க ஆளைத் தேடவே வேண்டாம்.

● எல்.ஐ.சி. முகவர், கரூர்: சிஸ்டர் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பி.பி. பார்த்தார். மெஷின் ரிப்பேரா?

மெஷின் நன்றாகவே இருக்கிறது. ஐந்து நிமிடம் படுத்திருந்தபோது ஒன்று, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது உங்கள் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். நீர் மாத்திரை, பி.பி. மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள், நாள்பட்ட சர்க்கரை எல்லாம் இதைச் செய்யும். இப்படிப் பார்த்த சிஸ்டருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நேரமில்லை என்று விட்டுவிடுகிற சோதனை இது.

நீங்கள் செய்ய வேண்டியது: படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். எழுந்து கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நின்ற பிறகும் அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். ஆண்கள் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது.

● புதிதாகத் தாயானவர், தென்காசி: பிரசவ வார்டில் "குழந்தையை மடியில் வெச்சுக்கிட்டுத் தூங்காதீங்க" என்று சிஸ்டர் அதட்டிக்கொண்டே இருந்தார். கோபமாக வந்தது.

அவர் அதட்டியிருக்க வேண்டாம், எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பயந்தது நிஜமான ஆபத்துக்கு. சிசேரியன் முடிந்த உடம்பு, வலி மாத்திரை, இரண்டு நாள் தூக்கமில்லை. விடியற்காலையில் பால் கொடுத்தபடியே அம்மா கண்ணயர்ந்து, கை தளர்ந்து, பச்சைக் குழந்தை நழுவிவிடும். உலகம் முழுக்க மகப்பேறு வார்டுகளில் நடக்கிற விபத்து இது. தாயின் அன்பில் குறை இருப்பதால் நடப்பதில்லை, தாய் களைத்திருப்பதால் நடக்கிறது. ராத்திரி பால் கொடுக்கும்போது உங்கள் அம்மாவோ மாமியாரோ விழித்துப் பக்கத்தில் உட்காரட்டும். கொடுத்து முடித்ததும் தொட்டிலுக்கு மாற்றட்டும். சிசேரியனுக்குப் பிறகு முதல்முறை எழும்போது நீங்களும் தனியாக எழாதீர்கள்.

● உணவக உரிமையாளர், தஞ்சாவூர்: இவ்வளவு தொல்லை எதற்கு? ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்கவே விடாமல் வைத்திருந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதினேன்.

அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையில் விழுந்து வரும் காயங்களுக்குக் கூடுதல் பணம் தருவதை 2008 அக்டோபரில் நிறுத்தியது. நோக்கம் நல்லது. ஆனால் விழுந்தால் நஷ்டம் என்றான பின், முதியவர்களை நடக்கவிடாமல் படுக்கவைக்கும் பழக்கம் வளர்கிறது என்று அங்கே மருத்துவர்களே எழுதத் தொடங்கினார்கள். படுத்திருப்பதன் விலை என்ன? நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயும் சேர்ந்தால் இன்னும் கரையும். நடந்து உள்ளே வந்தவர் சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போவார். வீட்டில் விழுவார். மருத்துவமனையின் கணக்கில் அது வராது, அவ்வளவுதான்.

விழாமல் காப்பதற்காக நடையைப் பறிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாளில் மூன்று நாலு முறை, ஆள் துணையோடு, வராந்தா வரைக்குமாவது நடக்க வைக்க வேண்டும். காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு எவ்வளவு நடக்கலாம் டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

● செருப்புக் கடைக்காரர், திருப்பூர்: வார்டில் செருப்பா, வெறுங்காலா?

பின்வார் உள்ள, அடியில் ரப்பர் பிடிப்புள்ள, காலுக்குச் சரியான அளவுச் செருப்பு. அது இல்லையென்றால், உலர்ந்த தரையில் வெறுங்கால். தேய்ந்த ஹவாயும், வழவழப்பான சாக்ஸும் வேண்டாம். தரையைத் தொடும் வேட்டி, லுங்கி, நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

● நர்சிங் மாணவி, நாகர்கோவில்: அடுத்த வாரம் முதல் வார்டு போஸ்டிங். படிவத்தில் இல்லாத எதைப் பார்க்க வேண்டும், மேடம்?

முதலில் நடக்கச் சொல்லிப் பாரம்மா. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை. கடிகாரத்தைவிட, எழும்போது எத்தனை முறை முயன்றார், கையை ஊன்றினாரா, திரும்பும்போது கால் தடுமாறியதா என்பதைப் பார். எழுந்து உட்காரும்போது அவர் முகம் வெளுக்கிறதா என்று பார்.

அப்புறம், விழுந்தால் இவருக்கு என்ன ஆகும் என்று யோசி. விழும் வாய்ப்பு வேறு, விழுந்தால் நேரும் சேதம் வேறு. 85ஐத் தாண்டியவர், எலும்பு தேய்ந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், அண்மையில் வயிற்றிலோ மார்பிலோ அறுவை நடந்தவர், இவர்களுக்கு ஒரே ஒரு விழுதல் போதும். மார்க் குறைவாக இருந்தாலும் இவர்கள் கட்டிலருகே இரண்டு முறை கூடுதலாகப் போ.

வார்டைவிட்டு வரும் முன் ஒருமுறை கட்டிலைச் சுற்றிப் பார். காலிங் பெல், தண்ணீர், கண்ணாடி, கைத்தடி, செல்போன் எல்லாம் எந்தக் கைக்கு எட்டுகிறது? பக்கவாதத்தால் விழுந்துபோன கையின் பக்கம் மணியை வைத்துவிட்டுப் போனால், அது இல்லாததற்குச் சமம்.

● கட்டடப் பொறியாளர், சேலம்: நாங்கள் கட்டும்போது என்ன செய்யலாம்?

கழிவறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது? வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, தரையில் விழுந்து கிடப்பவர் கைக்கும் எட்டுகிற மாதிரி நீளக் கயிறு கட்டிய அழைப்பு மணி. தண்ணீர் தேங்காத சரிவு. வாசலில் படி வேண்டாம்.

● ஒரு மருமகள், விருதுநகர்: எங்கள் மாமா வார்டில் விழுந்துவிட்டார். எல்லோருமாகச் சேர்ந்து உடனே தூக்கிப் படுக்க வைத்தோம். சிஸ்டர் "ஏன் தூக்கினீங்க" என்று சத்தம் போட்டார். உதவி செய்தது தப்பா?

உங்கள் பதற்றம் இயல்பு. ஆனால் இடுப்பு எலும்போ கழுத்தோ முறிந்திருந்தால் தூக்குவதே சேதம் செய்யும். அப்படியே கிடக்க விட்டு, தலைக்கு ஆதரவாகக் கையை வைத்துக்கொண்டு சத்தமாக ஆளைக் கூப்பிடுங்கள். செவிலியர் வந்து மூச்சு, நினைவு, கழுத்து, தலை என்று பார்ப்பார். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவாக இருக்கலாம். சர்க்கரை அளவும் பார்ப்பார். சர்க்கரை இறங்கி விழுந்தவர்கள் உண்டு.

தலையில் அடிபட்டிருந்தால், அல்லது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், நினைவும் கண்பாவையும் அரை மணிக்கொரு முறை இரண்டு மணி நேரம், பிறகு மணிக்கொரு முறை என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "நல்லாத்தானே பேசுறார், ஏன் எழுப்பிக்கிட்டே இருக்கீங்க" என்று தடுக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

● பெயர் வேண்டாம், செவிலியர்: என் டியூட்டியில் ஒருவர் விழுந்தார். அடிபடவில்லை. ரிப்போர்ட் எழுதினால் மெமோ வரும் என்று தோழிகள் சொல்கிறார்கள். எழுதாமல் விட்டுவிடவா?

எழுதுங்கள். எத்தனை மணி, எந்த இடம், எதற்காக எழுந்தார், தரை எப்படி இருந்தது, கடைசியாக எந்த மாத்திரை, அப்போது வார்டில் எத்தனை பேர், எத்தனை செவிலியர்: அத்தனையும் எழுதுங்கள். ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்று மருத்துவமனைகள் கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் வார்டின் ஈரத் தரையும் ஆள் பற்றாக்குறையும் ஏறாவிட்டால் அவை ஒருநாளும் சரியாகாது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் விழுதல்கள் பதிவாகின்றன. அங்கே எழுதி வைக்கிறார்கள், அதனால் எண்ணிக்கை தெரிகிறது.

மெமோவை முதலில் நீட்டுகிற கண்காணிப்பாளர்களுக்கு: ஒருவரைத் தண்டித்தால் அடுத்த பத்துப் பேர் மறைப்பார்கள். மறைத்த பத்தில் ஒன்று அடுத்த மாதம் இடுப்பு முறிவாக வரும்.

● பேருந்து நடத்துநர், திண்டுக்கல்: அப்பாவுக்கு நாளை டிஸ்சார்ஜ். மஞ்சள் பட்டையைக் கழற்றிவிடலாம் அல்லவா?

பட்டையைக் கழற்றலாம், கவனத்தைக் கழற்ற வேண்டாம். வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் விழும் ஆபத்து அதிகம். கால் இன்னும் பழைய கால் ஆகியிருக்காது. கிளம்பும் முன் சிஸ்டரிடம் மூன்று கேளுங்கள்: எந்த மாத்திரை தலை சுற்றவைக்கும், அதை எத்தனை மணிக்குக் கொடுப்பது, அப்பா தனியாக எவ்வளவு தூரம் நடக்கலாம். இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை விளக்கில்லாமல் ஒருமுறை நீங்கள் நடந்து பாருங்கள். எங்கே கை தானாகச் சுவரைத் தேடுகிறதோ அங்கே ஒரு கம்பி அடிக்க ஆள் சொல்லிவிடுங்கள்.